ஃபைல் யார் கையில்?

மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த நாளுக்கும் ஆபரேஷன் தேதிக்கும் நடுவில் வீட்டில் எல்லோரும் முடிவெடுக்கிறார்கள். நோயாளியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

காலை ஒன்பது மணி. அரசு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு. பெஞ்சில் இடமில்லாமல் பாதிப் பேர் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். கட்டைப்பை, தண்ணீர் பாட்டில், ஸ்கேன் படம் வைத்த பெரிய கவர். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் ஒரே நேரத்தில் நான்கு பேர் எழுந்திருக்கிறார்கள். கணவர், மூத்த மகன், கணவரின் தம்பி, கடைசியாக அந்தப் பெண். ஐம்பது வயதிருக்கும். ஃபைல் மகனிடம் இருக்கிறது. "நீ இங்கயே உக்காரும்மா, நாங்க கேட்டுட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டு மூன்று ஆண்களும் டாக்டர் அறைக்குள் போகிறார்கள். பத்து நிமிடத்தில் வெளியே வருகிறார்கள். "ஒண்ணுமில்லம்மா, சின்னக் கட்டிதான். புதன்கிழமை ஆபரேஷன். எடுத்துட்டா சரியாயிடும்." எதை எடுப்பார்கள் என்று அந்த அம்மா கேட்கவில்லை. மகனும் சொல்லவில்லை.

சென்னை, மதுரை, கோவை, வேலூர் என்று எந்த ஊர்ப் புற்றுநோய்ப் பிரிவின் வாசலில் அரை நாள் நின்றாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். மகனைக் குறை சொல்ல மனம் வராது. அம்மா பயந்துவிடுவார், சாப்பிடமாட்டார் என்ற கவலைதான் அவரை அப்படிப் பேசவைக்கிறது. ஆனால் புதன்கிழமை மயக்கம் தெளிந்து, கட்டுப் போட்ட நெஞ்சைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளப் போவது அந்த அம்மாதான். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் கீமோ, வாரக்கணக்கில் 'கரண்ட்' என்று ஊரில் சொல்லப்படும் கதிர்வீச்சு, ஐந்து முதல் பத்து வருடம் மாத்திரை என்று எல்லாவற்றையும் தாங்கப் போவதும் அவர்தான்.

குளோபோகேன் என்ற உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறக்குறைய 1.92 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறக்குறைய 98,000 பேர் இறந்தார்கள். மேலை நாட்டுப் பெண்களைவிட நம் பெண்களுக்கு இது சுமார் பத்து வருடம் முன்னதாகவே வருகிறது. பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் வயது. மாமனார் மாமியாருக்கு வேளாவேளைக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் வயது. வீட்டில் எல்லோருடைய உடம்பையும் கவனித்துவிட்டுத் தன் உடம்பைக் கடைசியாகப் பார்க்கும் வயது.

நாற்பது, ஐம்பது வருடங்களுக்கு முன்னால் இந்த நோய்க்கு ஒரே வழிதான் இருந்தது. இன்று ஒரே அறிக்கைக்கு மருத்துவம் இரண்டு, மூன்று சரியான பதில்களைச் சொல்கிறது. அதில் எது தனக்குப் பொருந்தும் என்பதை அந்தப் பெண்தான் சொல்ல முடியும். அவரிடம் கேட்காமல் எடுக்கும் முடிவு, எவ்வளவு பாசத்தோடு எடுத்தாலும், அரைகுறை முடிவுதான்.

'நேரமே இல்லை' என்பது பாதி உண்மை

நோய் என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரையும் பிடித்துக்கொள்வது அவசரம். "இன்னைக்கே அட்மிட் பண்ணுங்க டாக்டர்." இது மாரடைப்பு அல்ல. கையில் தட்டுப்படும் அளவுக்கு வளர்ந்த கட்டி பெரும்பாலும் பல மாதங்களாக, சிலருக்குப் பல வருடங்களாக, உள்ளே இருந்திருக்கும். மார்பு சிவந்து வீங்கி வேகமாகப் பரவும் அழற்சி வகை போன்ற சிலவற்றைத் தவிர, இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு எல்லாப் பரிசோதனை முடிவுகளையும் வாங்கி, இன்னொரு டாக்டரிடமும் கேட்டு, யோசித்து முடிவெடுப்பதால் நோய் கைமீறிப் போய்விடாது.

அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போட முடியாது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட கட்டுரை, புற்றுநோய் ஆபரேஷன் ஒவ்வொரு நான்கு வாரம் தள்ளிப்போகும்போதும் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் வரை கூடுவதாகக் கணக்கிட்டது. "பொண்ணு கல்யாணம் முடியட்டும்", "ஆடி கழியட்டும்" என்று காத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைக்க வேண்டும். யோசிப்பதற்கு வாரங்கள் உண்டு, மாதங்கள் கிடையாது.

அந்த இரண்டு வாரத்தில் முதல் வேலை, ஃபைலை நோயாளி தன் கையில் வாங்கிக்கொள்வது.

பெட்டிச் செய்தி: அறிக்கையில் பார்க்க வேண்டியவை

ஊசி மூலம் சதை எடுத்துச் செய்யும் பயாப்சியின் அறிக்கையில் சில சொற்களை நோயாளியே தேடிப் பார்க்கலாம்.

ஈ.ஆர்., பி.ஆர்.: இவை ஹார்மோன் ஏற்பிகள். 'பாசிட்டிவ்' என்றால் டாமாக்ஸிஃபென் போன்ற ஹார்மோன் மாத்திரை பலன் தரும்.

ஹெர்2: 'பாசிட்டிவ்' என்றால் டிராஸ்டுசுமாப் போன்ற குறிவைத்துத் தாக்கும் மருந்து உண்டு. '2+' என்று வந்தால் முடிவு தெளிவாகவில்லை என்று பொருள். ஃபிஷ் என்ற மறு பரிசோதனை தேவை.

மூன்றும் 'நெகட்டிவ்' என்றால் அது டிரிப்பிள் நெகட்டிவ் வகை. அதில் கீமோவின் பங்கு பெரிது.

கிரேடு என்பது செல்கள் எவ்வளவு வேகமான இயல்புடையவை என்பதைச் சொல்வது. ஸ்டேஜ் என்பது நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைச் சொல்வது. 'கிரேடு 3' என்பதை 'மூணாவது ஸ்டேஜ்' என்று நினைத்து அழுத குடும்பங்கள் நிறைய.

'அதிபர் முடிவெடுத்துவிட்டார்'

நோயாளியைக் கேட்காமல் முடிவெடுப்பதை நம் ஊர்ப் பழக்கம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், மார்பு, அதன் அடியில் உள்ள தசைகள், அக்குளின் நிணநீர்க் கணுக்கள் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் அகற்றும் முறையை 1894-இல் வெளியிட்டார். அடுத்த எழுபது, எண்பது வருடம் அமெரிக்காவில் அதுவே வேதம். பெண் மயக்கத்தில் இருக்கும்போதே சதை எடுத்துச் சோதிப்பார்கள். புற்றுநோய் என்றால் எழுப்பாமலே மார்பை எடுத்துவிடுவார்கள். மார்பு இருக்குமா இருக்காதா என்று தெரியாமலே பெண்கள் ஆபரேஷன் மேஜையில் படுத்தார்கள்.

இதை எதிர்த்து நின்றவர் ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர். 1974-இல் தனக்குக் கட்டி வந்தபோது, "சதையை மட்டும் எடுத்துச் சோதியுங்கள், மீதியை நான் முடிவு செய்கிறேன்" என்று நின்றார். ஒப்புக்கொள்ளும் டாக்டரைக் கண்டுபிடிப்பதே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. அதே வருடம் செப்டம்பரில் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டுக்குக் கட்டி இருப்பது தெரிந்தது. ஒரே மயக்கத்தில் சோதனையும் மார்பு நீக்கமும் வேண்டாம் என்று சொல்வதற்காகக் குஷ்னர் வெள்ளை மாளிகைக்குத் தொலைபேசியில் பேசினார். அதிபர் முடிவெடுத்துவிட்டார் என்று பதில் வந்ததாக அவர் பின்னாளில் சொன்னார். மனைவியின் மார்பு, முடிவு கணவருடையது. செப்டம்பர் 28 அன்று ஆபரேஷன் நடந்தது.

குஷ்னர் விடவில்லை. 1979-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவில் மருத்துவர் அல்லாதவராக இடம்பெற்றார். சோதனையும் சிகிச்சையும் தனித்தனியாக நடக்க வேண்டும், நடுவில் பெண்ணுக்கு யோசிக்க அவகாசம் வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. அவரை 1990-இல் இதே நோய் கொண்டுபோனது. இன்று உலகம் முழுக்கப் பெண்களுக்குக் கிடைக்கும் அந்த இரண்டு வாரம், அவரைப் போன்றவர்கள் போராடி வாங்கியது.

மார்பையே எடுப்பதா, கட்டியை மட்டுமா?

ஆரம்ப நிலையில் வருபவர்கள் சந்திக்கும் பெரிய கேள்வி இது. "எதுக்கு ரிஸ்க்கு, மொத்தமா எடுத்துடுங்க" என்பது நம் வீடுகளில் பெரும்பாலும் வரும் பதில். மொத்தமாக எடுத்தால் உயிர் கூடுதலாகப் பிழைக்கும் என்ற நம்பிக்கை அதன் அடியில் இருக்கிறது. அந்த நம்பிக்கை ஆய்வில் நிற்கவில்லை.

இத்தாலியின் மிலன் நகரில் உம்பெர்த்தோ வெரோனேசியும், அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் 1970-களில் தொடங்கிய இரண்டு பெரிய ஆய்வுகளின் இருபது வருட முடிவுகள் 2002-இல் ஒரே மருத்துவ இதழில், ஒரே நாளில் வெளியாயின. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களும், மார்பை முழுவதுமாக எடுத்தவர்களும் ஒரே அளவில்தான் உயிரோடு இருந்தார்கள். ஃபிஷரின் ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. கட்டியை எடுத்துக் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 14 சதவீதம் பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. கதிர்வீச்சு பெறாதவர்களில் அது 39 சதவீதம். மார்பைக் காப்பாற்றினால் கதிர்வீச்சை விட்டுவிட முடியாது என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்கின்றன. வயது எழுபதைத் தாண்டி, கட்டி சிறியதாக, ஹார்மோன் பாசிட்டிவாக இருந்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுபவர்களுக்கு மட்டும் கதிர்வீச்சைத் தவிர்ப்பது பற்றி டாக்டரோடு பேசலாம்.

எல்லோருக்கும் மார்பைக் காப்பாற்ற முடியாது. ஒரே மார்பில் பல இடங்களில் கட்டி இருந்தாலோ, முன்பே அந்த இடத்தில் கதிர்வீச்சு பெற்றிருந்தாலோ, மார்பின் அளவுக்குக் கட்டி பெரிதாக இருந்தாலோ முழுவதும் எடுக்க வேண்டிவரலாம். பெரிய கட்டியாக இருந்தால், முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டுப் பிறகு ஆபரேஷன் செய்யும் வழியும் உண்டு. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு, அரசு மருத்துவமனைகளைப் போலவே, கட்டி முற்றிய பிறகு வந்த பெண்கள்தான் காலங்காலமாக அதிகம். அதனால் கத்தியை முதலில் எடுக்காமல், கீமோவையும் கதிர்வீச்சையும் முன்னால் வைக்கும் அனுபவம் இங்கே பல பத்தாண்டுகள் பழையது. "மார்பைக் காப்பாற்ற எனக்கு வாய்ப்பு இருக்கா? கீமோவை முதல்ல கொடுத்தா இருக்குமா?" என்ற கேள்வியை ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும். பின்னால் கேட்டுப் பயனில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு, "அப்படியானால் மார்பைக் காப்பாற்றுவதுதான் சரியான முடிவு" என்று நினைத்தால் அதுவும் தவறு. இங்கே இன்னொரு அதிபரின் மனைவியைப் பார்க்க வேண்டும்.

1987 அக்டோபரில் நான்சி ரீகனுக்கு மிகச் சிறிய, ஆரம்ப நிலைக் கட்டி கண்டறியப்பட்டது. கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம். அவர் மார்பை முழுவதும் எடுக்கும் ஆபரேஷனைத் தேர்ந்தெடுத்தார். ஆறு வாரம் தினமும் கதிர்வீச்சுக்குப் போய்வருவது தன் வாழ்க்கைக்கு ஒத்துவராது என்பது அவர் காரணம். விமர்சனம் குவிந்தது. பெண்ணின் உரிமைக்காகப் போராடிய ரோஸ் குஷ்னரே குறை சொன்னவர்களில் ஒருவர். அவருடைய பயத்தில் நியாயம் இருந்தது: அடுத்த சில மாதங்களில் அமெரிக்காவில் மார்பைக் காப்பாற்றும் ஆபரேஷன்கள் சுமார் 25 சதவீதம் குறைந்ததாக 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. பிரபலத்தின் முடிவைப் பார்த்து மற்ற பெண்கள் தங்கள் முடிவை எடுத்திருக்கிறார்கள்.

என் கருத்தில் நான்சி ரீகன் தவறு செய்யவில்லை. அவர் தன் வாழ்க்கையைப் பார்த்துத் தன் உடம்புக்கு முடிவெடுத்தார். தவறு, அவருடைய வாழ்க்கை வாய்க்காதவர்கள் அவருடைய முடிவை எடுத்துக்கொண்டதில் இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டு அதையே செய்யச் சொல்வதும் அதே தவறுதான்.

கரண்ட் வைக்கும் ஊர் எவ்வளவு தூரம்?

நான்சி ரீகனின் காரணம் நம் ஊர்ப் பெண்களுக்கு இன்னும் கூர்மையாகப் பொருந்தும். கதிர்வீச்சு இயந்திரம் இல்லாத ஊரில் இருக்கும் ஒரு விவசாயக் கூலிப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். வாரத்தில் ஐந்து நாள், ஐந்து வாரம், பக்கத்து மாவட்டத் தலைநகருக்குப் போய்வர வேண்டும், அல்லது அங்கேயே தங்க வேண்டும். கூட ஒருவர் வர வேண்டும். இரண்டு பேர் கூலி போகும். ஆட்டுக்குட்டிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் யார் சோறு போடுவது? "மொத்தமா எடுத்துடுங்க" என்று அவர் சொன்னால், அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. கணக்குப் போட்டுத்தான் சொல்கிறார்.

ஆனால் அந்தக் கணக்கில் சேர வேண்டிய இரண்டு செய்திகளை அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். ஒன்று, இப்போது மூன்று வாரத்தில், 15 தடவையில் முடியும் கதிர்வீச்சு உலகம் முழுக்க ஏற்கப்பட்ட முறை. பிரிட்டனில் 4,000-க்கும் மேற்பட்டவர்களிடம் செய்து 2020-இல் வெளியான ஆய்வு, ஒரே வாரத்தில் ஐந்து தடவையில் முடிப்பதும் மூன்று வார முறைக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. தனக்கு எத்தனை நாள் போதும் என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. இரண்டு, மார்பை முழுவதும் எடுத்தாலும், அக்குள் கணுக்களுக்கு நோய் போயிருந்தால் கதிர்வீச்சு தேவைப்படலாம். கரண்ட்டைத் தவிர்க்கவே மார்பைக் கொடுத்துவிட்டு, பிறகு கரண்ட்டுக்கும் நிற்க வேண்டிவந்தால் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருக்கும்?

அக்குளைப் பற்றியும் ஒரு கேள்வி. முதல் கணுக்களை மட்டும் சாயம் போட்டுக் கண்டுபிடித்து எடுத்துச் சோதிக்கும் முறையை 'சென்டினல் கணுச் சோதனை' என்பார்கள். அதில் நோய் இல்லை என்றால் மற்றக் கணுக்களை விட்டுவிடலாம். எல்லாவற்றையும் எடுத்தவர்களில் கணிசமானவர்களுக்குக் கை வீங்கி, குடம் தூக்கவும் மாவு பிசையவும் சிரமமாகிவிடுகிறது. தையல் வேலை செய்பவர், களையெடுப்பவர், டைப் அடிப்பவர் எல்லோருக்கும் கைதான் பிழைப்பு. அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கீமோ: நூறு பேரில் எத்தனை பேர்?

"கீமோ எடுத்தா இருபது பெர்சென்ட் ஆபத்து குறையும்." இந்த வாக்கியம் ஒரு பெண்ணுக்கு எதையும் சொல்லாது. நூறு பெண்களில் கீமோ இல்லாமல் பத்து பேர் இறப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருபது சதவீதம் குறைந்தால் எட்டு பேர். அதாவது நூறு பேர் கீமோ எடுத்தால் இரண்டு பேருக்குக் கூடுதலாக உயிர் கிடைக்கும். அதே இருபது சதவீதம், ஐம்பது பேர் இறக்கக்கூடிய முற்றிய நிலையில் பத்து உயிர்களைக் காப்பாற்றும். முதல் பெண் யோசிக்கலாம். இரண்டாவது பெண் தயங்கவே கூடாது. எனவே சதவீதத்தைக் கேட்காதீர்கள். "என்னை மாதிரி நூறு பேர்ல எத்தனை பேருக்கு இதனால பலன்?" என்று கேளுங்கள். இங்கிலாந்தில் உருவாக்கப்பட்ட 'பிரடிக்ட்' என்ற இலவசக் கணிப்பானில் கட்டியின் அளவு, கிரேடு, கணுக்கள், ஏற்பிகள் எல்லாவற்றையும் போட்டால் இந்தக் கணக்கு படமாகவே வரும். அது அங்குள்ள பெண்களின் தரவுகளை வைத்துச் செய்தது. எனவே டாக்டருடன் சேர்ந்து பார்ப்பது நல்லது.

ஹார்மோன் பாசிட்டிவாக, ஹெர்2 நெகட்டிவாக, கணுக்களில் நோய் இல்லாமல் இருப்பவர்களில் பலருக்குக் கீமோவே வேண்டாம் என்பதை 2018-இல் வெளிவந்த டெய்லர்-எக்ஸ் ஆய்வு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நிறுவியது. அதற்கான மரபணுப் பரிசோதனையின் விலை இங்கே லட்ச ரூபாயைத் தாண்டுகிறது என்பதுதான் வேதனை. குறைந்த செலவில் இந்தியாவிலேயே உருவான பரிசோதனையும் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு பேச்சில் மாத்திரையை மறந்துவிடுகிறோம். ஹார்மோன் பாசிட்டிவ் உள்ளவர்கள் ஐந்து வருடம் டாமாக்ஸிஃபென் சாப்பிட்டால், இந்த நோயால் இறக்கும் அபாயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. விலை மிகக் குறைவு. ஆனாலும் உடம்பு எரிச்சல், மூட்டு வலி என்று இரண்டாம் வருடத்தில் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடும் பெண்கள் ஏராளம். அதுவும் ஒரு சிகிச்சை முடிவுதான், டாக்டருக்குத் தெரியாமல் எடுத்த முடிவு. நிறுத்துவதற்கு முன் சொன்னால் மாற்று மாத்திரை கிடைக்கும்.

முப்பதுகளில் இருக்கும் பெண்களிடம் பலர் கேட்கவே தயங்கும் கேள்வி ஒன்று உண்டு: இனிமேல் குழந்தை வேண்டுமா? கீமோ சினைப்பையைப் பாதிக்கலாம். கருமுட்டையையோ கருவையோ உறையவைத்துப் பாதுகாக்க வேண்டுமானால் கீமோ தொடங்கும் முன்பே செய்ய வேண்டும். மாத்திரை சாப்பிடத் தொடங்கிய சில வருடங்களில், டாக்டரின் கண்காணிப்பில் தற்காலிகமாக நிறுத்திக் கருத்தரிக்க முயன்ற பெண்களுக்கு, முதல் மூன்று ஆண்டுகளில் நோய் திரும்பும் வாய்ப்பு கூடவில்லை என்று 2023-இல் வெளியான பாசிட்டிவ் ஆய்வு சொல்கிறது. திருமணமாகாத பெண்ணிடம் இதை எப்படிப் பேசுவது என்று கூச்சப்பட்டு அந்த வாய்ப்பை மூடிவிடாதீர்கள்.

கையெழுத்து போட வேண்டியவர்

"அவங்ககிட்ட கேன்சர்னு சொல்லாதீங்க டாக்டர்." புற்றுநோய் மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் வேண்டுகோள் இது. மறைத்தால் பயம் குறையும் என்று குடும்பம் நினைக்கிறது. முடி கொட்டத் தொடங்கும்போது, பக்கத்துப் படுக்கைக்காரர் பேசும்போது, மருத்துவமனையின் பெயர்ப் பலகையைப் படிக்கும்போது பெண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் தெரியாதது போல அவரும் நடிக்கிறார். வீட்டில் எல்லோரும் நடிக்கிறார்கள். யாரிடமும் வாய்விட்டு அழ முடியாத தனிமைதான் அந்தப் பெண்ணுக்கு மிஞ்சுகிறது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1995-இல் டெல்லியில் ஒரு பெண் சோதனைக்காக மயக்க மருந்து எடுத்துக்கொண்டார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே நின்ற அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008 ஜனவரியில் வந்த தீர்ப்பு: உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சுயநினைவு திரும்பக்கூடிய வயதுவந்த பெண்ணுக்காகத் தாயின் சம்மதம் செல்லாது. சோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குக் கொடுத்ததாகாது. என்ன செய்யப் போகிறார்கள், வேறு வழி என்ன, ஆபத்து என்ன என்பதைச் சொல்லி, அந்தப் பெண்ணிடமே சம்மதம் பெற வேண்டும். தாய்க்கு இல்லாத அதிகாரம் கணவருக்கும் மகனுக்கும் கிடையாது.

சம்மதப் படிவத்தை ஆபரேஷன் நாள் காலையில், பட்டனில்லாத அங்கியோடு நடுங்கிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் நீட்டுவதும் சம்மதம் வாங்குவது ஆகாது. முதல் நாளே, தமிழில், உட்காரவைத்துப் படித்துக்காட்ட வேண்டும். ஒரு மருத்துவமனைக்கு இது பெரிய செலவில்லை.

'நீங்களே சொல்லுங்க டாக்டர்'

எல்லாப் பெண்களும் தானே முடிவெடுக்க விரும்புவதில்லை. அதையும் மதிக்க வேண்டும். கனடாவின் மானிடோபா மாகாணத்தில் மார்பகப் புற்றுநோய் வந்த ஆயிரத்துச் சொச்சம் பெண்களிடம் கேட்டு 1997-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 22 சதவீதம் பேர் தாங்களே முடிவெடுக்க விரும்பினார்கள். 44 சதவீதம் பேர் டாக்டரோடு சேர்ந்து முடிவெடுக்க விரும்பினார்கள். 34 சதவீதம் பேர் டாக்டரிடமே விட்டுவிட விரும்பினார்கள். தாங்கள் விரும்பிய பங்கு கிடைத்ததாகச் சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. ஒருவர் எந்த வகை என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. படித்தவர் விட்டுக்கொடுக்க விரும்பலாம், கைநாட்டு வைப்பவர் தானே முடிவெடுக்க விரும்பலாம். கேட்டால்தான் தெரியும்.

"உங்க அம்மாவா இருந்தா என்ன பண்ணுவீங்க டாக்டர்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு முன்னால், உங்களுக்கு எது முக்கியம் என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். மார்பு இருக்க வேண்டும் என்பதா, மறுபடி வந்துவிடுமோ என்ற பயம் அறவே இருக்கக் கூடாது என்பதா, மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதா? அது தெரியாமல் டாக்டர் சொல்லும் பதில் அவருடைய அம்மாவுக்கு மட்டும்தான் பொருந்தும்.

பணம் எடுக்கும் முடிவுகள்

தமிழ்நாட்டில் முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சு எல்லாம் அதில் அடக்கம். ஆனால் பேருந்து, தங்குமிடம், இழந்த கூலி எந்தக் காப்பீட்டிலும் இல்லை. புதிய மருந்துகளின் விலை இன்னொரு சுவர். 2022-இல் கேரள உயர் நீதிமன்றத்துக்கு வந்த மார்பகப் புற்றுநோயாளி ஒருவர், ரிபோசிக்லிப் என்ற ஒரு மருந்துக்கே மாதம் 58,000 ரூபாய்க்கு மேல் செலவாவதாக முறையிட்டார். காப்புரிமையைத் தாண்டி உள்நாட்டில் தயாரிக்க அனுமதி கேட்டார். வழக்கு முடிவதற்குள் இறந்துவிட்டார். டிராஸ்டுசுமாப் மருந்துக்கு இந்திய நிறுவனங்களின் மாற்று வடிவம் 2014 முதல் சந்தைக்கு வந்து விலை இறங்கியதையும் பார்த்தோம். எனவே மருந்துச் சீட்டைக் கையில் வாங்கும்போதே, இதற்கு மாற்று வடிவம் உண்டா, காப்பீட்டில் வருமா என்று கேட்பதில் வெட்கமில்லை. நகையை அடகு வைத்த பிறகு கேட்பதைவிட அது நல்லது.

செலவுக்கும் பக்கவிளைவுக்கும் பயந்து சிலர் கீமோவை உதறிவிட்டு மூலிகை, பத்தியம் என்று போகிறார்கள். மறுக்கவும் உரிமை உண்டு. ஆனால் உண்மை தெரிந்து மறுக்க வேண்டும். நவீன சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய அமெரிக்க மார்பகப் புற்றுநோயாளிகளின் இறப்பு அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல் இருந்ததாக 2018-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. குமட்டலுக்கு, தூக்கத்துக்கு, மன அமைதிக்கு யோகாவோ கஷாயமோ வேண்டுமென்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நோய் எலும்புக்கோ கல்லீரலுக்கோ பரவிய நான்காம் நிலையில் கேள்வியே மாறுகிறது. அங்கே மார்பை எடுப்பதால் ஆயுள் கூடவில்லை என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு 2015-இலேயே காட்டிவிட்டது. எத்தனை நாள் என்பதோடு, எப்படிப்பட்ட நாள் என்பதும் அங்கே முக்கியம். இன்னொரு ரவுண்டு கீமோவா, வலி இல்லாமல் வீட்டில் பேரனோடு இருப்பதா என்பதைச் சொல்லும் தகுதி அந்தப் பெண் ஒருவருக்கே உண்டு. வலி நீக்கும் ஆதரவு சிகிச்சை என்றாலே கைவிட்டுவிட்டார்கள் என்று எண்ணாதீர்கள். தொடக்கத்திலிருந்தே அதைக் கேட்டு வாங்கலாம்.

பெட்டிச் செய்தி: கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

என் நோயின் வகை என்ன, எந்த ஸ்டேஜ்?

எனக்கு எத்தனை வழிகள் இருக்கின்றன? எதுவும் செய்யாவிட்டால் என்ன ஆகும்?

கீமோவை முதலில் கொடுத்தால் மார்பைக் காப்பாற்ற முடியுமா?

கதிர்வீச்சு எத்தனை நாள்? அருகில் எங்கே கிடைக்கும்?

என் கைக்கு, குழந்தைப் பேற்றுக்கு, வேலைக்கு என்ன பாதிப்பு?

மொத்தச் செலவு எவ்வளவு, காப்பீட்டில் எவ்வளவு?

முடிவு சொல்ல எனக்கு எத்தனை நாள் தருவீர்கள்?

வீட்டு ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். அம்மாவோடு, மனைவியோடு போங்கள், அவசியம் போங்கள். டாக்டருக்கு எதிரே உள்ள நாற்காலியில் அவரை உட்காரவைத்துவிட்டு, நீங்கள் பின்னால் நின்று எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவமனைகளுக்கும் ஒன்று. புற்றுநோய்ப் பிரிவு ஒவ்வொன்றிலும், தமிழில் பொறுமையாக விளக்கிச் சொல்ல ஒரு பெண் ஆலோசகரை நியமியுங்கள். பெண்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: உங்கள் அறிக்கைகளின் நகலைக் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான நெறிமுறை விதியே சொல்கிறது. கேளுங்கள். இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்பதால் எந்த நல்ல டாக்டரும் கோபப்படமாட்டார். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றால், தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ ஆலோசனை எண் இருக்கிறது. அழைக்கக் கட்டணம் இல்லை.